தமனியின் சுவரும் உட்குழியும்

 

நான் சொல்லப்போவதில் பாதி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சக வைத்தியர்களுக்கு முன்பே தெரியும். மறுபாதியைத்தான் அவர்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டதில்லை. இளம்பெண்ணொருத்திக்குப் பெருந்தமனியிலோ அதன் கிளைகளிலோ அழற்சி கண்டிருக்கிறது என்ற சந்தேகம் எழுந்தால், அதை எந்தப் படத்தைக் கொண்டு நிச்சயிப்பது என்பதே எங்களுக்கிடையே நெடுநாளாக இருந்துவரும் விவாதம். இதய வைத்தியர்களான என் சிநேகிதர்கள், சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராமே முடிந்த முடிவு என்பார்கள். ஆஞ்சியோகிராம் காட்டுவது குழாயினுள் ஓடும் ரத்தத்தின் உருவத்தை மட்டுமே. நோயோ குழாயின் சுவரில் குடிகொண்டிருக்கிறது என்பது என் கட்சி. கரை உள்வாங்கிச் சரிந்த பின்னரே வாய்க்காலில் நீரோட்டம் குறுகும். குறுகியதைக் கண்டு கரையின் நோயை அநுமானிப்பவன் காலங்கடந்தே அறிகிறான்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் திருஷ்டாந்தம் ஒன்றுண்டு. கேட்டுச் சலித்தவர்கள் க்ஷமிக்க வேண்டும். 1908-ஆம் ஆண்டில், ஜப்பானில் கனஸாவா நகரத்துக் கண் வைத்தியராகிய மிகிடோ தகயாசு, தம் துறையினரின் மாநாட்டில், 21 வயதுப் பெண்ணொருத்தியின் விழித்திரையில் தாம் கண்ட விசித்திரத்தை எடுத்துரைத்தார். பார்வை நரம்பு புறப்படும் வட்டத்தைச் சுற்றிலும், தமனியும் சிரையும் முறைப்படி பிரிந்து செல்லாமல், ஒன்றோடொன்று வளையமாகப் பிணைந்து கிடந்தன. கண்ணாடியின் உதவியால் அவர் பார்த்ததும் ஒருவகைப் படந்தானே! அதில் பிழை ஏதுமில்லை. கண்டதை அப்பெரியார் கண்டபடியே சொன்னார். ஆனால் அவர் கண்டது காரியமேயொழியக் காரணமன்று. கழுத்தின் வழியே மேலேற வேண்டிய ரத்தம் போதிய அளவு ஏறாமையால், பட்டினி கிடந்த விழித்திரை தனக்குத்தானே தேடிக்கொண்ட மாற்றுவழியே அந்த வளையம்.

அதே மாநாட்டில் ஓனிஷி, ககோஷிமா என்னும் இருவர் எழுந்து, தாங்களும் இத்தகைய கண்களைக் கண்டிருப்பதாகவும், அந்நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி அகப்படவில்லை என்றும் தெரிவித்தார்கள். தகயாசுவின் குறிப்பில் நாடியைப் பற்றிய பேச்சே இல்லை. கண்ணால் கண்டவர் ஒருவர், விரலால் தொட்டறிந்தவர் இருவர். மூவரும் ஒரே மண்டபத்தில் இருந்தும், இடையிலுள்ள தமனியின் சுவரை எவரும் பார்க்கவில்லை, அக்காலத்தில் பார்க்கவும் வழியில்லை. ஓடா என்பவர் 1940-இல் சவப்பரிசோதனையில் பெருந்தமனியின் சுவர் முழுவதும் அழற்சியுற்றிருந்ததைக் காட்டிய பிறகே கண்ணும் கையும் ஒரு நோயின் இரு முனைகள் என்பது தெளிவாயிற்று. சிமிஸு, ஸானோ ஆகிய இருவர் அதை 'நாடியற்ற நோய்' என்று அழைத்தது 1951-இல். முதல் படத்துக்கும் சுவரின் தரிசனத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. உயிருள்ளவளின் சுவரைப் பார்க்கும் கருவிகள் கைக்கு வந்துவிட்ட இன்றும் உட்குழியின் நிழலையே பிரமாணமாகக் கொள்வோமாயின், நாம் இன்னமும் அந்த மண்டபத்தை விட்டு வெளியேறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய்ச் சங்கங்கள் கூடி வகுத்த விதிகளை என் சிநேகிதர்கள் எனக்கெதிராகக் காட்டுவதுண்டு. படத்தின் சாட்சியமின்றி, தகயாசுவின் பெயர் பெற்ற இந்நோயை ஒப்புவதற்கில்லை என்று அவ்விதிகள் கூறுவது மெய்யே. ஆனால் ஏற்கத்தக்க படங்களின் வரிசையில் அல்ட்ராசவுண்டும் இருப்பதை ஏனோ அவர்கள் வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அன்றியும், அவை ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகைப்படுத்தும் விதிகளேயன்றி, நோயை முதன்முதல் நிர்ணயிக்கும் விதிகளல்ல.

கழுத்துத் தமனியின் உட்சுவர்ப் படலம் இயல்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அழற்சியில் அது சுற்றிலும் சீராகத் தடித்திருப்பதை, அல்ட்ராசவுண்டில் மேலோட்டமான உறுப்புகளுக்குரிய புரோபைக் கழுத்தில் வைத்தால் சில நிமிஷங்களில் காணலாம். கதிர்வீச்சில்லை, ஊசியில்லை. இந்தக் கருவி சேலம், நாமக்கல் ஆகிய நம் மாவட்டங்களுக்குப் புதிதுமன்று. 1992-இல் பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதல் சேலத்தில் தொடங்கப்பட நேர்ந்த காரணத்தையும், ஸ்கேன் இயந்திரங்களை, கருவின் பாலறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுசெய்து கண்காணிக்க வேண்டிவந்த காரணத்தையும் இந்தச் சபையில் நான் விவரிக்க வேண்டியதில்லை. பெண் சிசுவைத் தேடிக் கருப்பையின்மேல் அதர்மமாக வைக்கப்பட்ட அதே கருவியை, அந்தத் தாயின் கழுத்தில் வைத்துப் பார்க்கும் தர்மமாவது நமக்கு வாய்க்கட்டும்.

அல்ட்ராசவுண்டுக்கு எட்டாத இடம் உண்டு. மார்பினுள் ஓடும் பெருந்தமனியை எலும்பும் நுரையீரலின் காற்றும் மறைத்துவிடும், அங்கே எம்.ஆர்.ஐ. வேண்டும். நம் நாட்டு நோயாளிகளில் வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் அடிக்கடி பாதிக்கப்படுவதால், வயிற்றில் டாப்ளர் பாராமல் கழுத்தோடு நிறுத்துவதும் தவறு. பெட் ஸ்கேன் அழற்சியின் சூட்டையே காட்டவல்லது. ஆனால் அதற்குரிய கதிரியக்க ஃபுளோரின் 110 நிமிஷங்களில் பாதியாகக் குறைந்துவிடும், ஸ்டீராய்டு தொடங்கிவிட்டாலோ படம் மங்கிவிடும்.

எந்தப் படத்துக்கும் முன்னால் நிற்பது பி.பி. பார்க்கும் பட்டை. தோளுக்குச் செல்லும் தமனி அடைபட்ட கையில் அழுத்தத்தை அளந்தால், உண்மையில் ஏறியிருக்கும் ரத்த அழுத்தம் சரியாக இருப்பதுபோல் பொய்க்கணக்குக் காட்டும். கர்ப்பிணிக்கு அது எத்தகைய ஆபத்தென்று சொல்லவேண்டுமா! ராசிபுரத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல் பரிசோதனைக்கு வரும் பெண்ணுக்கு இரண்டு கைகளிலும் அளக்க வேண்டும். விசைத்தறியில் கை ஓய்ந்துபோகிறது என்று சொன்னால் அதைச் சோர்வென்று ஒதுக்கலாகாது.

நேரம் நெருங்கிவிட்டதால் மீதியைக் குறிப்பாகவே விடுகிறேன். நோயின் வேகத்தை அளக்க இந்திய நோயாளிகளைக் கொண்டு வகுக்கப்பட்ட ஐ.டி.ஏ.எஸ். 2010 என்னும் அளவுகோலைச் சுவரின் தடிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேலத்தின் பழைய மருத்துவக் கல்லூரியும் நாமக்கல்லில் 2022-இல் வந்த புதிய கல்லூரியும் சேர்ந்து ஒரே பதிவேட்டை வைத்துக்கொள்ளலாம். காசநோய்க்கும் இந்தத் தமனி அழற்சிக்கும் உள்ள உறவு பற்றிய பழைய கேள்வியை யாரேனும் மீண்டும் எடுக்கட்டும். மருந்துக்குப் பின்னும் தடித்தே நிற்கும் சுவரில் எஞ்சியிருப்பது அழற்சியா, ஆறிய தழும்பா என்பதை எந்தப் படம் பிரித்துச் சொல்லும் என்பது இன்னும் தீராதது. இளையவர்கள் அதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.