குழந்தைகளுடன் யாத்திரை: சுமையும் கையும்

(நம் சங்க மாதர் பகுதியின் சித்திரை மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டவுடன் நம்மவரில் அநேகர் குழந்தை குட்டிகளுடன் குலதெய்வத்தின் கோயிலுக்கும், இராமேசுவரம் முதலிய க்ஷேத்திரங்களுக்கும், உறவினர் வீட்டுக் கலியாணங்களுக்கும் புறப்படுவார்கள். ஆதலின் பிரயாணத்தைப் பற்றி ஏதேனும் பேசவேண்டுமென்று காரியதரிசி அம்மையார் கட்டளையிட்டார்கள். ஊர்களின் பெருமையை எடுத்துச் சொல்ல வல்லவர் பலர் இச்சபையில் இருக்கின்றனர். நான் பேசப் புகுவது மூட்டையைப் பற்றியே. இத்துணை அற்பமான விஷயத்திற்கு ஒரு பிரசங்கமா என்று சிலர் எண்ணலாம். எனக்கு அஃது அற்பமன்று. அதற்குக் காரணமான சம்பவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1998-ஆம் ஆண்டு, ஒரு வயது நிரம்பிய என் மகனுக்கு முடியிறக்கிக் காது குத்தும் பொருட்டுக் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் குலதெய்வத்தின் கோயிலுக்குப் புறப்பட்டோம். பெரியவர்கள் நால்வர், குழந்தைகள் இருவர், சாமான்கள் பதினான்கு. பெரிய பெட்டிகள் இரண்டு, படுக்கைச் சுருள் ஒன்று, பொங்கலிடும் வெண்கலப் பானை, அரிசியும் வெல்லமும் அடங்கிய பைகள், பலகாரத் தூக்குகள், பங்காளிகளுக்குரிய வேஷ்டி புடவைக் கட்டுகள், கூஜா, தொட்டில் கம்பி என்று ஒவ்வொன்றும் இன்றியமையாதது போலவே அன்று தோன்றிற்று.

இரவு வண்டி விடியற்காலையில் கோவில்பட்டியை அடைந்தது. அங்கே அது நிற்பது இரண்டொரு நிமிஷமே. என் கணவர் வாயிலில் நின்று ஒவ்வொன்றாய் எடுத்து நீட்ட, மைத்துனர் கீழே நின்று வாங்கி அடுக்க, மாமியார் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உரக்க எண்ண, நான் உள்ளிருந்து கட்டுகளை இழுத்துத் தந்துவிட்டுக் கடைசியாக இறங்கினேன். பதினான்கு! கணக்குச் சரியாயிற்று. வண்டி நகர்ந்தது. அதன் கடைசிப் பெட்டி எங்களைக் கடந்து போகும்பொழுதுதான், மேற்பலகையில் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்த நாலு வயது மகள் எங்களுடன் இல்லையென்பதை உணர்ந்தேன். அவளை மைத்துனர் தூக்கிக்கொண்டார் என்று நான் எண்ணினேன். நான் தூக்கிக்கொண்டேன் என்று அவர் எண்ணினார்.

நிலைய அதிகாரி உடனே அடுத்த நிலையத்திற்குத் தொலைபேசியில் தெரிவித்தார். நாங்கள் வாடகைக் கார் பிடித்து மணியாச்சியை அடைந்தோம். அந்த வழி நெடுகிலும் என் மனம் பட்ட பாட்டை விவரிக்கப் போவதில்லை. பிளாட்பாரத்து பெஞ்சியில் ஒரு முதிய அம்மையாரின் மடியில் குழந்தை அமர்ந்து இட்டிலி தின்றுகொண்டிருந்தாள். அவ்வம்மையார் திருநெல்வேலிக்குப் போகவேண்டியவர். முன்பின் அறியாத குழந்தையின் பொருட்டுத் தம் வண்டியையே விட்டுவிட்டு அங்கே இறங்கியிருந்தார். நான் அவர் காலில் விழப்போனேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, "சாமானெல்லாம் பத்திரமா இருக்கா தாயி?" என்று கேட்டார்.

பரிகாசமாகக் கேட்கவில்லை, உண்மையான அக்கறையுடனேயே கேட்டார். ஆயினும் அக்கேள்வி இன்றளவும் என் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது. பதினான்கு சாமான்களும் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றுள் ஐந்தினை ஊர் திரும்பும் வரையில் நாங்கள் அவிழ்க்கவேயில்லை.

சகோதரிகளே, சுமை மிகுந்தால் முதுகு நோகும் என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். முதுகு நோவு இரண்டு நாளில் தீரும். சுமையானது நம் கைகளையும் கண்களையும் பறித்துக்கொள்கிறதே, அதுதான் குழந்தையுடன் செல்வோர்க்குப் பெருந்தீங்கு. ஆகையால் நான் சுமையைக் கிலோவினால் அளப்பதில்லை, கையினால் அளக்கிறேன். எல்லாச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு நின்றபின் பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கை சும்மா இருக்கவேண்டும். அந்தக் கை குழந்தைக்குரியது. அது சும்மா இல்லையாயின் ஏதோ ஒரு மூட்டை வீட்டிலேயே நிற்கவேண்டியதுதான்.

ரயில்வேயார் கட்டணமின்றி அனுமதிக்கும் அளவைக் கொண்டு சிலர் சமாதானம் சொல்வதுண்டு. படுக்கை வசதி வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோவும், இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும், 5 முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதிற் பாதியும் கொண்டுபோகலாம். தாய் தந்தையரும் எட்டு வயதுப் பிள்ளையும் படுக்கை வகுப்பிற் செல்வாராயின் நூறு கிலோவாகிறது! நூறு கிலோ என்பது ஒரு மூட்டை நெல்லுக்கும் மேற்பட்டது. வண்டி சுமக்கும், மேம்பாலத்தின் படிகளில் சுமப்பவர் யார்? வண்டிக்கு விதித்த வரம்பை நம் தோளுக்கு விதித்த வரம்பாகக் கொள்ளுதல் தகாது.

காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் இரண்டு பிரயாணங்களைக் குறித்திருக்கிறார். 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து காசி, ஆக்ரா வழியாக ராஜகோட்டுக்கு மூன்றாம் வகுப்பிற் சென்றபொழுது, பன்னிரண்டணா விலையுள்ள ஒரு கித்தான் பையில் ஒரு நீண்ட அங்கி, ஒரு வேஷ்டி, ஒரு துவாலை, ஒரு சட்டை ஆகியவற்றை வைத்துக்கொண்டார். அதனோடு ஒரு கம்பளியும், தண்ணீர்ப் பாத்திரமும், கோகலே அவர்கள் தந்த ஓர் உணவுப் பாத்திரமுமே அவருடைய மூட்டை. "அவர் தனியே போனார், அம்மா, எங்களுக்கன்றோ குழந்தைகள் உண்டு" என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமே. ஆனால் அதற்கு முன்னரே, 1896-ஆம் ஆண்டின் இறுதியில், அவர் கஸ்தூரிபாயையும் இரண்டு புதல்வர்களையும் சகோதரியின் மகனையும் அழைத்துக்கொண்டு கப்பலில் தென்னாப்பிரிக்கா சென்றார். நாகரிகமாய்த் தோன்றவேண்டும் என்று கருதி, அம்மையாருக்குப் பார்சிப் புடவையும், சிறுவர்களுக்குப் பார்சிக் கோட்டும் கால்சட்டையும் ஏற்பாடு செய்து, எல்லாரையும் மேஜோடும் பாதரக்ஷையும் அணியச் செய்தார். பாதரக்ஷை விரல்களைப் புண்ணாக்கிற்று. மேஜோடு வியர்வையால் நாறிற்று. அவற்றையெல்லாம் பிற்காலத்தில் விட்டொழித்தபின் எவ்வளவு இலேசாக இருந்தது என்பதை அவரே எழுதியிருக்கிறார். பெற்றோரின் கௌரவ எண்ணத்திற்குக் குழந்தையின் கால் விரல் விலை கொடுக்கிறது. அன்று மட்டுமா?

இனிக் காரியத்திற்கு வருவோம். உடையில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று உடுப்பு வீதம் ஐந்து நாட்களுக்குப் பதினைந்து என்று கணக்கிட்டு அடுக்குகிறோம். நம் நாட்டு வெயிலை மறந்துவிடுகிறோம். இரவில் கசக்கிக் கட்டிய பருத்திச் சட்டை விடியுமுன் பெரும்பாலும் உலர்ந்துவிடும். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பையில் இரண்டு: சிறு குழந்தைக்கு நான்கு போதும். நமக்கு மூன்று போதும். ஒரு சோப்புக் கட்டியும் நாலு முழம் நைலான் கயிறும் பத்து உடுப்புகளுக்குச் சமானம். தடித்த பூத்துவாலையை விட்டுவிட்டு ஈரிழைத் துண்டை எடுத்துக்கொள்க. அது துவட்டும், போர்த்தும், வெயிலுக்கு முக்காடாகும், அவசரத்திற்கு மூட்டையும் ஆகும். அம்மாவின் பழைய நூற்புடவை ஒன்று இருந்தால் அதுவே விரிப்பு, அதுவே தூளி, பால் கொடுக்குங்கால் அதுவே மறைப்பு. தொட்டில் கம்பியை வண்டியேற்றிய நான் இதனைக் காலங்கடந்தே கற்றேன்.

2024-ஆம் ஆண்டு தை மாதம் இராமேசுவரம் சென்றபொழுது இவையெல்லாம் பரீக்ஷிக்கப்பட்டன. பாம்பன் ரயில் பாலத்திற் போக்குவரத்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறக்கப்படும் வரையில், வண்டிகள் மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ நின்றுவிட்டன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் மண்டபத்தில் இறங்கிப் பஸ் ஏறவேண்டியதாயிற்று. நானும், அன்று வண்டியில் விடப்பட்ட அதே மகளும், மருமகப்பிள்ளையும், ஆறும் மூன்றும் வயதான பேரக்குழந்தைகளும் சென்றோம், பைகள் மூன்றே. பெரிய பெட்டிகளுடன் இறங்கியவர்கள் அவற்றைக் காத்து நிற்க, நாங்கள் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதற் பஸ்ஸிலேயே ஏறிவிட்டோம். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் ஸ்நானம் செய்து, ஈர உடையை மாற்றிய பிறகே சந்நிதிக்குச் செல்லவேண்டும். அங்கே ஆளுக்கொரு மாற்றுடை கையில் இருந்தால் போதுமானது. மற்றவை விடுதியில் இருந்தாலென்ன, வீட்டில் இருந்தாலென்ன? குழந்தைகளோ, கொண்டுபோன ஒரே பொம்மையையும் மறந்துவிட்டு, அக்னி தீர்த்தக் கரையில் கிளிஞ்சல் பொறுக்கினார்கள்.

வண்டியிலிருந்து இறங்கும் முறையை என் மகள் வகுத்திருக்கிறாள்; அதில் அவளுக்கு அதிகாரம் உண்டு. ஊர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே குழந்தைகளை எழுப்பிச் செருப்பு மாட்டிவிடவேண்டும். முதலில் ஒரு பெரியவர் இறங்கவேண்டும். அவர் கையில் குழந்தைகளை இறக்கவேண்டும். அதன் பின்னரே பைகள். கடைசியில் இறங்குபவர் பலகைகளை மேலும் கீழும் கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கவேண்டும். வண்டி புறப்பட்டுவிட்டால் ஒரு பை போகட்டும். குழந்தையின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்தல் நலம். தவறு நேர்ந்துவிட்டால் ரயில்வேயின் உதவி எண் 139, குழந்தைகள் உதவி எண் 1098. இவ்விரண்டையும் இப்பொழுதே குறித்துக்கொள்ளுங்கள், நான் நிறுத்துகிறேன்.

ஆகாரத்தைப் பற்றிச் சிறிது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்டிலியும், புளியோதரையும் ஒரு பகற்பொழுதிற்குக் கெடமாட்டா. தேங்காய்ச் சட்டினி வேனிற்காலத்தில் ஆகாது. தயிர்ச் சாதத்தைப் பால் மிகுதியாகவும் தயிர் சிறிதாகவும் விட்டுப் பிசைந்தால் உண்ணும் வேளையிற் புளிப்பு ஏறாமல் இருக்கும். பொரியும் பொட்டுக்கடலையும் கனமற்றவை. கோவில்பட்டி வழியே போகிறவர்கள் கடலை மிட்டாயை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டத்திற்கு நாம் வீட்டிலிருந்து போட்டி செய்யவேண்டியதில்லை. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை மறவாதீர்கள். இரண்டு புட்டிகள் வைத்துக்கொண்டு, நல்ல நீர் கிடைக்குமிடத்தில் நிரப்பிக்கொள்வதே உத்தமம். டயபர் முதலியவற்றை ஒன்றரை நாளைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதைப் போகுமிடத்தில் வாங்குக.

குறைக்கக் கூடாதவையும் உள. சிக்கனம் மருந்துப் பையிற் புகலாகாது. குழந்தை வழக்கமாய் உண்ணும் மருந்து, வைத்தியர் சொல்லிய அளவு எழுதிய காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மூன்று நான்கு ஆகிய இவை கையிலேயே இருக்கவேண்டும். பொட்டலம் அகப்படாத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்து, பேதி கண்ட குழந்தைக்குச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். உப்பு மிகக் கூடாது. கண் குழிந்து சோர்ந்தாலும், குடிக்க மறுத்தாலும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்க. குழந்தை கட்டிக்கொண்டு உறங்கும் கந்தல் துணி ஒன்றிருந்தால் அதையும் மருந்தாகவே கருதுங்கள்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தன் பை ஒன்று இருக்கட்டும். 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையில் பை பிள்ளையின் எடையிற் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதே கணக்கை இங்கும் கொண்டால் 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2 கிலோ. அதற்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று அதுவே தீர்மானிக்கட்டும். என் பேரன் மூன்று கார் பொம்மைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலைப்பொழுது எடுத்துக்கொண்டான். நான் புடவை தேர்ந்தெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை விட அது குறைவே.

புடவை என்றதும் ஒரு மனஸ்தாபமான சங்கதி நினைவுக்கு வருகிறது. நம் மூட்டைகளிற் பாதி நமக்காகக் கட்டப்படுவதில்லை, பார்ப்பவர்களுக்காகக் கட்டப்படுகிறது. "நேற்று உடுத்திய புடவையையே இன்றும் உடுத்தியிருக்கிறாளே" என்று கலியாணப் பந்தலில் ஒருவர் காதோடு காதாகச் சொல்லும் சொல்லுக்கு அஞ்சியன்றோ, கைக்குழந்தைக்காரி இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்? அச்சொல்லைச் சொல்லுகிறவர்கள் வேற்றாரல்லர், நாமேதான். நானும் சொல்லியிருக்கிறேன். அன்றியும், விருந்தினர் விடைபெறும்பொழுது ஆளுக்கொரு தேங்காய் வைத்த தாம்பூலப் பையைக் கொடுத்தனுப்புகிறோம். ஐவர் வந்த குடும்பத்திற்கு ஐந்து தேங்காய். இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. குழந்தையைப் பிடிக்க வைத்திருந்த கை அதோடு தீர்ந்தது. வெளியூரிலிருந்து குழந்தைகளுடன் வருவோர்க்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஓர் எலுமிச்சம்பழம் மட்டும் கொடுப்பது என்று நம் சங்கத்தில் ஒரு தீர்மானம் செய்யலாகாதா? அக்கிராசனி அவர்கள் புன்னகை செய்கிறார்கள். அவர்கள் இல்லத்தில் அடுத்த மாதம் கலியாணம் என்பதை அறிந்தே இதைச் சொல்லுகிறேன்.

இந்த மேஜையின் மீது இருப்பது நான் இராமேசுவரத்திற்குக் கொண்டுபோன பை. அன்று வைத்தபடியே எல்லாவற்றையும் வைத்து இன்று காலையில் நிறுத்தேன்; 6 கிலோ இருந்தது. கூட்டம் கலைந்ததும் விருப்பமுள்ளவர்கள் வந்து அவிழ்த்துப் பார்க்கலாம். இன்னும் எதை எடுத்துவிடலாம் என்று சொல்பவருக்கு நான் கடமைப்பட்டவளாவேன்.