காணொளி வருமானமும் மாறும் விதிகளும்

(பூந்தமல்லி வட்டாரத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் குடிநீர், சாலை, தெருவிளக்கு, ஏரி வாய்க்கால் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் சற்றுப் புதியது. கைப்பேசியில் படம் பிடித்து, யூடியூப் முதலிய தளங்களில் வெளியிட்டு, அதன் மூலம் வருமானம் தேடும் நம் கிராமத்துப் பிள்ளைகளைப் பற்றியது. இது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு, இதற்கும் ஊராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சில காலத்திற்கு முன்புவரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஒரு நாள் என் அலுவலகத்துக்கு ஓர் இளைஞரும் அவருடைய தாயாரும் வந்தனர். அரை ஏக்கரில் மல்லிகையும் கால் ஏக்கரில் கீரையும் பயிரிடும் குடும்பம் அது. மகன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். ஓய்வு நேரத்தில் பூச்செடி வளர்ப்பு, மாடித் தோட்டம், உரம் இடும் முறை ஆகியவற்றைப் படம் பிடித்து ஒரு காணொளித் தளத்தில் வெளியிட்டு வந்தார். நாளடைவில் பட்டறைக் கூலியைவிட அதில் வந்த பணம் மிகுந்தது. வேலையை விட்டார். தாயாரின் நகைகளை அடகு வைத்துக் காமிராவும் கணினியும் வாங்கினார். ஓராண்டு நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு நாள், அவருடைய காணொளிகள் ஒன்றைப் போலவே மற்றொன்று இருப்பதால் விளம்பர வருமானம் நிறுத்தப்படுகிறது என்று இரண்டு வரிச் செய்தி வந்தது. அந்த அம்மையார் என்னிடம் கேட்டார்: "பிள்ளை ராப்பகலா உழைச்சான் ஐயா. பணத்தை நிறுத்தினவங்களைப் போய்ப் பார்க்கலாம்னா, அவங்க ஆபீஸ் எங்க இருக்குன்னே தெரியல. நாங்க யாரைப் போய்க் கேட்கறது?"

அன்று என்னிடம் விடை இல்லை. அதன் பின்னர் நான் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வருமானம் வரும் வழி

இத்தொழிலால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்னும் சிற்றூரில், ஒரு பாட்டனாரும் அவருடைய பேரன்மார்களும் வயல்வெளியில் பெரும் பாத்திரங்களை வைத்துச் சமைப்பதைப் படம் பிடித்து 2018ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கினர். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் அந்த அலைவரிசை 2021ஆம் ஆண்டில் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது. அவ்வாண்டே அவர்கள் கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரின் நிதிக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கினர். ஒரு கிராமத்துக் குடும்பம் இவ்வளவு தூரம் வர முடிந்தது நமக்குப் பெருமையே. ஆனால் ஒரு கிணற்றில் நீர் ஊறியது கண்டு ஊரெல்லாம் கிணறு வெட்டக் கடன் வாங்கலாகாது.

பணம் எங்கிருந்து வருகிறது? காணொளியின் முன்னும் நடுவிலும் வரும் விளம்பரத்துக்கு வியாபாரிகள் பணம் தருகின்றனர். யூடியூப் தளத்தில் நீண்ட காணொளிகளுக்கு வரும் விளம்பரப் பணத்தில் 100க்கு 55 பங்கு படைத்தவருக்கும், 45 பங்கு நிறுவனத்துக்கும் சேரும். 'ஷார்ட்ஸ்' எனப்படும் குறுங்காணொளிகளுக்குக் கணக்கு வேறு. அங்கே விளம்பரப் பணம் முதலில் ஒரே தொகுப்பில் சேர்கிறது. பாட்டுக்குரிய பங்கு கழிந்த பின், பார்வைகளுக்கேற்பப் பிரித்து, அவரவருக்கு வரும் பங்கில் 45 விழுக்காடு மட்டும் தரப்படுகிறது. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், அந்த மாதம் வியாபாரிகள் எவ்வளவு செலவழிக்கின்றனர் என்பதைப் பொறுத்தும் தொகை கூடும், குறையும். ஆகவே ஒரு லட்சம் பேர் பார்த்தால் இத்தனை ரூபாய் என்று எவரேனும் உறுதி கூறினால் அதை நம்ப வேண்டாம்.

விதிகள் மாறிய வரலாறு

தன் காணொளிக்கு விளம்பரப் பங்கு தரும் திட்டத்தை யூடியூப் 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. 2017ஆம் ஆண்டு ஏப்ரலில், அலைவரிசையை மொத்தம் 10,000 முறை பிறர் பார்த்திருந்தால்தான் அதில் சேரலாம் என்று நிபந்தனை வந்தது. ஓராண்டு முடியுமுன்பே, 2018ஆம் ஆண்டு ஜனவரியில், 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருத்தலும் வேண்டும் என்று அது மாற்றப்பட்டது. புதிதாகச் சேர்வோருக்கு மட்டுமன்றி, முன்பே சேர்ந்திருந்தவர்களுக்கும் இந்நிபந்தனை பொருந்தியது. அளவை எட்டாத சிறு அலைவரிசைகள் பிப்ரவரி 20ஆம் தேதிக்குப் பின் வருமானத்தை இழந்தன. பாதிக்கப்பட்டோரில் 100க்கு 99 பேர் ஆண்டொன்றுக்கு 100 டாலருக்கும் குறைவாகவே பெற்று வந்தனர் என்று நிறுவனமே கூறியது. சிறு தொகைதானே என்பது அவர்கள் வாதம். சிறு தொகையின் மதிப்பு சிறு விவசாயிக்குத்தான் தெரியும்.

2020ஆம் ஆண்டு ஜனவரியில், குழந்தைகளுக்கான காணொளிகளில், பார்ப்பவரின் விருப்பமறிந்து காட்டும் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. அவற்றால் பிழைத்தவர்களின் வருவாய் குறைந்தது. 2021ஆம் ஆண்டு ஜூன் முதல், அமெரிக்காவிலுள்ளோர் பார்ப்பதால் கிடைக்கும் பகுதிக்கு அந்நாட்டு வரி பிடிக்கப்படுகிறது. உரிய படிவத்தை நிரப்பித் தந்த இந்தியருக்கு அப்பகுதியில் 15 விழுக்காடுதான் பிடித்தம். படிவம் தராதவருக்கு மொத்த வருவாயிலேயே 24 விழுக்காடு வரை பிடிக்க இடமுண்டு. ஒரு படிவத்தை நிரப்பாத அசட்டையால் இத்தனை நஷ்டம்!

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறுங்காணொளிகளுக்கும் விளம்பரப் பங்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில், 500 சந்தாதாரர்கள் உள்ளோரும் திட்டத்தின் முதற்படியில் சேரலாம் என்று ஆயிற்று. ஆனால் அந்தப் படியில் ரசிகர்கள் மனமுவந்து தரும் தொகை முதலியவையே கிடைக்கும். விளம்பரப் பங்குக்கு முன்போலவே 1,000 பேர் வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி முதல், ஒரே அச்சில் வார்த்தது போலத் திரும்பத் திரும்ப உற்பத்தி செய்யும் காணொளிகளுக்கு வருமானம் இல்லை என்னும் விதி மேலும் தெளிவாக வரையப்பட்டது.

இவை யாவும் வீண் கொடுமை என்று சொல்வது நியாயமாகாது. 2017ஆம் ஆண்டில் தகாத காணொளிகளுடன் தங்கள் விளம்பரம் வருவது கண்டு பெரிய நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்தின. குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்க அரசு 2019ஆம் ஆண்டில் 17 கோடி டாலர் செலுத்த வைத்தது. பிறர் உழைப்பைத் திருடிப் பதிவேற்றுவோரும் பெருகினர். விதிகளுக்குக் காரணம் உண்டு. ஆனால் அவற்றை வகுக்கும்போது நம் ஊர்ப் பிள்ளையை எவரும் கேட்பதில்லை என்பதும் உண்மை.

ஒரே இரவில் மூடிய கதவு

நிறுவனத்தின் விதி மட்டுமல்ல, நாட்டின் சட்டமும் நிலைமையை மாற்றும். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 'டிக்டாக்' செயலியைப் பதிவிறக்கத் தடை விதித்தது. அம்மாதத்திலேயே அத்தடை நீங்கியது. 2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, நாட்டின் பாதுகாப்பைக் கருதி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் அவற்றுள் ஒன்றாயிற்று. அது தேசம் எடுத்த முடிவு. அதைப் பற்றி இங்கு வாதமில்லை. ஆயினும், லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்திருந்த எத்தனையோ நாட்டுப்புறக் கலைஞர்களும் தொழிலாளர்களும் மறுநாள் ஒருவர்கூட இல்லாமல் நின்றனர். தங்கள் ரசிகர்களின் பெயரோ முகவரியோ அவர்களிடம் இல்லை. வேறு தளத்திலும் தங்கள் படைப்புகளை வைத்திருந்தவர்களே எளிதில் மீண்டனர்.

பார்வையாளர் தொகை குறைவது ஏன்?

"போன மாதம் 50,000 பேர் பார்த்தார்கள், இம்மாதம் 5,000 பேர்கூட இல்லை" என்று பிள்ளைகள் கூறக் கேட்டிருப்பீர்கள். எந்தக் காணொளியை யாருக்குக் காட்டுவது என்பதைத் தளத்தின் கணினி முடிவு செய்கிறது. எத்தனை பேர் திறந்தனர் என்பதையே முன்பு பெரிதும் பார்த்த யூடியூப், 2012ஆம் ஆண்டு முதல் எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதற்கு முதலிடம் தந்தது. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் குறுங்காணொளி இந்தியாவில்தான் முதன்முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. மக்களின் நேரம் அப்பக்கம் திரும்பியது. செம்பரம்பாக்கம் ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும், மதகு எப்பக்கம் திறக்கிறதோ அப்பக்க வயலுக்குத்தானே பாயும்? அம்மதகின் சாவி நம் கையில் இல்லை.

கோயம்பேட்டுக்குப் பூ ஏற்றிச் செல்லும் விவசாயிக்கும் விலை தன் கையில் இல்லைதான். ஆனால் அவர் வியாபாரியின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். கட்டுபடியாகாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். ஒரே பெரிய ஆலைக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகள், அந்த ஆலை நின்றதும் என்ன ஆயின என்பதை அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தார் அறிவார்கள். பல ஆலைகளுக்குச் சரக்குக் கொடுத்தவர் தாக்குப்பிடித்தார். இங்கும் அதே நியாயந்தான்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, காணொளி வருமானத்தை மானாவாரிப் பயிராகவே கருத வேண்டும். மழை பெய்தால் விளையும். அதை நம்பி நகையை அடகு வைப்பதும், நிலத்தை விற்பதும், இருக்கும் வேலையை விடுவதும் கூடாது. ஒரு நல்ல கைப்பேசியே தொடக்கத்துக்குப் போதும்.

இரண்டாவது, காணொளியைக் கடை வாசலாக வைத்துக் கொள்ளுங்கள். அதுவே கடையாகிவிட வேண்டாம். நாற்று, கீரை விதை, அப்பளம், ஊறுகாய், மண்புழு உரம் என எது உங்கள் வீட்டில் விளைகிறதோ அதை விற்கப் பயன்படுத்துங்கள். வாங்குவோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர்கள் சம்மதத்துடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எந்தத் தளம் மாறினாலும் அந்த நோட்டுப் புத்தகம் உங்களுடையது.

மூன்றாவது, படைப்புகளின் பிரதியைத் தனியே சேமித்து வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் வெளியிடுங்கள். கணக்கைச் சொந்தப் பெயரில், இரட்டைப் பாதுகாப்புடன் வைத்திருங்கள்.

நான்காவது, பிறர் பாட்டையும் படத்தையும் எடுத்தாளாதீர்கள். கோயில் திருவிழாவைப் படம் பிடிக்கும்போது ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டும் பதிவாகிவிடும். உங்கள் காணொளியின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடக்கூடும். காப்புரிமை மீறியதாக 90 நாட்களுக்குள் மூன்று முறை புள்ளி விழுந்தால், யூடியூப்பில் அலைவரிசையையே இழக்க நேரிடும்.

ஐந்தாவது, முறையிடும் வழியை அறிந்திருங்கள். வருமானத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டால் யூடியூப்பில் 21 நாட்களுக்குள் முறையிடலாம். குறையைத் திருத்திக்கொண்டு 90 நாட்களுக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். காணொளி நீக்கப்பட்டாலோ கணக்கு முடக்கப்பட்டாலோ வேறொரு வழியும் உண்டு. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். அவர் முடிவில் திருப்தியில்லையேல், 2023ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாட்களுக்குள் இணைய வழியே மனுச் செய்யலாம். அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு இது முழு விடையன்று. ஆனால் கதவே இல்லை என்று திரும்ப வேண்டியதில்லை.

ஊராட்சியின் கடமை

ஊராட்சிப் பெருமக்களே, உங்கள் ஊரில் எத்தனை பேர் இத்தொழிலில் இருக்கின்றனர் என்று விசாரித்தறியுங்கள். மாதம் ஒரு மாலை அவர்களைச் சேவை மையத்தில் கூட்டி, அம்மாதம் மாறிய விதிகளை ஆங்கிலம் படித்த ஒருவர் தமிழில் படித்துச் சொல்லும்படி செய்யுங்கள். விதிகள் பெரும்பாலும் முன்னறிவிப்புடனேயே வருகின்றன. படிப்பாரில்லாமல்தான் பலர் அகப்பட்டுக் கொள்கின்றனர். விரைவில் பணம் சம்பாதிக்கக் கற்றுத் தருவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்போரிடம் ஏமாறாதிருக்க கிராம சபையில் எடுத்துச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளையும், நீர்நிலையில் குளிப்போரையும் அனுமதியின்றிப் படம் பிடிப்பதைத் தடுங்கள்.

நான் முதலில் சொன்ன இளைஞரைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் பழைய படங்களையே குரல் மாற்றி மாற்றி வெளியிட்டு வந்தது பிறகு தெரிந்தது. நாளொன்றுக்கு மூன்று வெளியிட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவ்வாறு செய்திருக்கிறார். இப்போது வாரம் ஒன்று மட்டும், தன் தோட்டத்திலேயே எடுத்து வெளியிடுகிறார். வருமானம் திரும்பியிருக்கிறது, ஆனால் முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. மல்லிகை நாற்று விற்பனையால் மீதியை ஈடு செய்கிறார். பட்டறைக்கும் போகிறார். அடகு வைத்த நகைகளில் இரண்டு வளையல் மீண்டிருக்கின்றன. சங்கிலி இன்னும் மீளவில்லை.

அந்தச் சங்கிலி போல இன்னொரு வீட்டுச் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நேரம் பேசினேன். உங்கள் ஊர்களில் இதை எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.