சொல்லியிருந்தால் காசே ஆகியிருக்காது

(தலைப்பு: ‘வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, கூடாதா?’ ‘சொல்ல வேண்டும்’ அணியில், திருப்பூரிலிருந்து வந்த பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் பேசியது)



நான் திருப்பூரிலிருந்து வருகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனில் ஓட்டை இருக்கா, தையல் விட்டிருக்கா, எண்ணெய்க்கறை இருக்கா என்று பார்ப்பதுதான் என் தொழில். 18 வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு பீஸை எடுத்து இப்படி ஒரு விரி, அப்படி ஒரு திருப்பு, குற்றம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் என் வீட்டுக்குள்ளே இருந்த ஒரு பெரிய ஓட்டையை ஏழு மாசம் பார்க்காமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

எங்க வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிதானுங்க. ஓவர்லாக் டைலர். அதோ, மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கார். அவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். ‘எல்லாத்தையும் சொல்லு, என்னை மட்டும் ரொம்ப மோசமாச் சொல்லிடாதே’ன்னார். (சிரிப்பு) இல்லைங்க, சொல்ல மாட்டேன். தப்பில் பாதி என்னுடையது.

எதிரணியில் பேசிய தம்பி சொன்னார், ‘பிஞ்சு மனசு, அதில் எதுக்கு நம்ம பாரத்தை ஏத்தணும், குழந்தைங்க குழந்தைங்களா இருக்கட்டுமே’ன்னு. ரொம்ப நல்ல வார்த்தை. நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். 2022-ஆம் வருஷம் வரைக்கும்.

அந்த வருஷம் திருப்பூரில் இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நூல் விலை மாசத்துக்கு மாசம் ஏறுச்சு. பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தவங்க புது விலைக்கு நூல் வாங்க முடியாமல் திண்டாடினாங்க. மே 16, 17 ரெண்டு நாள் ஊரே கம்பெனியை மூடி வேலைநிறுத்தம் செஞ்சது. ரெண்டு நாள் கழிச்சு ஊர் திறந்துச்சு. எங்க வீட்டுக்காரர் வேலை செஞ்ச யூனிட் மட்டும் திறக்கலை. ஆர்டர் இல்லை, வந்தா சொல்லி அனுப்பறோம்னுட்டாங்க.

இதை அவர் என்கிட்ட சொல்லலை.

காலையில் எப்பவும் போல எட்டு மணிக்குக் கிளம்புவார். நான் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பேன். ராத்திரி எட்டரைக்கு வருவார். சனிக்கிழமையானா சம்பளம்னு காசை எண்ணி என் கையில் கொடுப்பார். அது வட்டிக்கு வாங்கின காசுன்னு எனக்குத் தெரியாது.

நடுவர்: எத்தனை நாளம்மா இந்த மாதிரி?

19 நாளுங்கய்யா. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் திருப்பூர் குமரன் நினைவு மண்டபம் இருக்கு. அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துக்குவாராம். மத்தியானம் அங்கேயே சாப்பிடுவாராம்.

எனக்கு எப்படித் தெரிஞ்சது தெரியுங்களா? சட்டை துவைக்கும்போது தெரிஞ்சது. ஓவர்லாக் மிஷின் துணியோட ஓரத்தை வெட்டிக்கிட்டே தைக்கும். அந்தப் பஞ்சும் தூசியும் டைலர் தலையில், புருவத்தில், சட்டை மடிப்பில் எல்லாம் ஒட்டிக்கும். கல்யாணமான நாள் முதல் அந்தப் பஞ்சை உதறாமல் நான் ஒரு சட்டையைத் தண்ணியில் போட்டது கிடையாது. ஒருநாள் உதறினேன், பஞ்சு இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் பார்த்தேன். வேர்வை இருக்குது, பஞ்சு இல்லை.

சரி, தெரிஞ்சது இல்லையா? ‘ஏனுங்க, வேலை இல்லீங்களா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கலை. ஆம்பளை மனசு சங்கடப்படுமேன்னு நானும் ஒரு நாடகம் போட்டேன். என்னோட அரைப் பவுன் தோட்டைக் கொண்டுபோய் அடகு வெச்சேன். அதே மாதிரி கவரிங் தோடு ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டேன். அந்தக் காசைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மளிகைக்குக் கொடுத்தேன். அவர் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சார். நான் அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் பிள்ளைங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சோம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, எங்க வீட்டுல சோறே கம்மி, அதுல ரெண்டு பூசணிக்காய்! (சிரிப்பு, கைதட்டல்)

நாலாவது வாரம் அவருக்கு வேற கம்பெனியில் வேலை கிடைச்சது. கஷ்டம் தீர்ந்ததுன்னு நினைச்சேன். வட்டியும் அடகும் நின்னுச்சே தவிர, மத்தபடி வண்டி ஓடுச்சு.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பையன் அப்போ ஒன்பதாவது. பொண்ணு ஆறாவது. அந்த ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து என் பொண்ணு எதையுமே கேட்கறதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க அது வேணும் இது வேணும்னு அழும். இவ கேட்கவே மாட்டா. பொறந்த நாளுக்கு என்ன வேணும் சாமின்னா, ஒண்ணும் வேண்டாம்மான்னுடுவா. நான் லைன் வீட்டுல எல்லார்கிட்டயும் பெருமை பேசினேன். ‘என் பொண்ணு தங்கம்! எதுவுமே கேட்க மாட்டா!’

அய்யா, அது பெருமை இல்லீங்க. அதுதான் நான் பார்க்காமல் விட்ட ஓட்டை.

அரையாண்டுப் பரீட்சையில் மார்க் விழுந்துபோச்சு. ஜனவரியில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. ‘போர்டுல இருக்கிற கணக்கைத் தப்புத் தப்பா எழுதறா. 3-ஐ 8-ங்கறா. கவனமே இல்லை’ன்னாங்க. வீட்டுக்கு வந்து நான் என்ன பண்ணினேன்? கூட்டி வெச்சு விசாரிச்சேனா? இல்லை. அடிச்சேன். செக்கிங்ல ஒரு பீஸைத் தள்ளணும்னாக்கூட ரெண்டு தடவை திருப்பிப் பார்ப்பேன். பெத்த பிள்ளையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் அடிச்சேன். (அமைதி)

அடுத்த ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டு டவுன் பஸ்சுக்கு நிக்கிறேன். பொம்பளைங்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ், 2021-லிருந்து அதுதானே நமக்கு வண்டி. எனக்கு ஒரு போன் வந்துச்சு. ‘நம்ம பஸ் வந்தா சொல்லு சாமி’ன்னு சொல்லிட்டுப் பேசிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா எங்க பஸ் போயிட்டிருக்கு! ‘ஏண்டி சொல்லலை’ன்னு கத்தினேன். கண்ணை இடுக்கிக்கிட்டு, அந்தப் பஸ் போற திக்கையே பார்த்துக்கிட்டு நிக்கறா. அப்பத்தான் என் வயித்துல சுரீர்னுச்சு. எதிர்க்கடை போர்டைக் காட்டி, ‘அதைப் படி பார்க்கலாம்’னேன். படிக்கத் தெரியலைன்னா தலை குனிவாங்க. இவ அழுதுட்டா.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கிட்டப்பார்வை. ரெண்டு கண்ணும் மைனஸ் ரெண்டரை. பக்கத்துல இருக்கிறது நல்லாத் தெரியும், தூரத்துல இருக்கிறது மங்கிடும். அதனாலதான் புஸ்தகத்தைச் சரளமாப் படிப்பா, வீட்டுல யாருக்கும் சந்தேகமே வரலை. டாக்டரம்மா கேட்டாங்க, ‘ஸ்கூல்ல கண் பரிசோதனைக்கு வந்திருப்பாங்களே, அப்ப எப்படி விட்டாங்க?’

அதுக்கு இவ சொன்ன பதிலைக் கேளுங்க. ‘வந்தாங்க டாக்டர். எனக்கு முன்னாடி நின்ன பிள்ளைங்க அந்த அட்டையைப் படிச்சாங்க. அதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிச் சொல்லிட்டேன். கண்ணு சரியில்லைன்னு சொன்னா கண்ணாடி வாங்கச் சொல்லுவாங்க. அம்மாகிட்ட காசு இல்லை.’

அய்யா, ஆறாம் வகுப்புப் பிள்ளை! அட்டையை மனப்பாடம் பண்ணிச் சொல்லியிருக்கு. இதில் கொடுமை என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணைப் பார்த்து இலவசமாகவே கண்ணாடி கொடுக்க ‘கண்ணொளி காப்போம்’னு திட்டம் 2009-லேயே வந்தாச்சு. அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு பைசா செலவில்லை. எந்தக் காசுக்குப் பயந்து பிள்ளை கண்ணை மறைச்சுதோ, அந்தக் காசே தேவைப்படலை. (பலத்த கைதட்டல்)

வரும் வழியில் கேட்டேன், ‘அம்மாகிட்ட காசு இல்லைன்னு யார் சாமி சொன்னாங்க?’ அவ சொன்னா, ‘உன் காதைப் பார்த்தேன். கவரிங் போட்டு காது புண்ணாயிருந்துச்சு. அப்பா வேலைக்குப் போகாததும் தெரியும். நீங்க ரெண்டு பேரும் எதையும் சொல்லலை. நம்ம வீட்டுல கஷ்டம் வந்தா யாரும் சொல்லக் கூடாதுன்னு நினைச்சேம்மா.’

எதிரணி நண்பர்களே, நல்லாக் கேட்டுக்குங்க. நாங்க அவகிட்ட எதையும் சொல்லலைன்னுதான் நினைச்சோம். ஆனா ஒண்ணைச் சொல்லிக் கொடுத்திருக்கோம். வலிச்சா வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்திருக்கோம்! பிள்ளைங்க மனசுல பாரத்தை ஏத்தக் கூடாதுங்கறீங்க. நாங்க ஏத்தலை. அதுவா எடுத்துத் தலையில வெச்சுக்கிச்சு. இறக்கி வைக்க ஒரு கை கொடுக்க ஆள் இல்லாமல் ஏழு மாசம் சுமந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்தோம். பத்துக்குப் பன்னிரண்டு ரூம், உட்கார்ந்தா முட்டிக்கு முட்டி இடிக்கும். அவர் குமரன் மண்டபத்துக் கதையைச் சொன்னார். நான் தோட்டுக் கதையைச் சொன்னேன். உடனே என் பையன் குனிஞ்சுக்கிட்டே சொல்றான், ‘அப்பா, உங்களை நான் அங்கே பார்த்தேன். நீங்க தனியா உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தீங்க. கூப்பிட்டா உங்களுக்கு வெக்கமாயிருக்கும்னு அடுத்த தெரு வழியாப் போயிட்டேன். பத்தாவது முடிச்சதும் வேலைக்கு வந்துடறேன்னு ஒரு கம்பெனி அண்ணன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்.’ அவர் அதுவரைக்கும் அழலை. அப்பத்தான் அழுதார்.

பத்துக்குப் பன்னிரண்டு ரூமுங்க. நாலு பேர். நாலு ரகசியம். ஒருத்தர் மேல ஒருத்தருக்குப் பாசம் இல்லாமலா மறைச்சோம்? பாசத்தாலதான் மறைச்சோம். அந்தப் பாசத்துல ஒருத்திக்குக் கண்ணு மங்கிச்சு, ஒருத்தனுக்குப் படிப்பு போக இருந்துச்சு. (கைதட்டல்)

அன்னையிலிருந்து எங்க வீட்டில் ஒரு வழக்கம். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் ஒரு நோட்டுப் புத்தகத்தோட உட்காருவோம். இந்த வாரம் வந்தது எவ்வளவு, வாடகை, கரண்ட், மளிகை, வட்டி போக மிச்சம் எவ்வளவு. எழுதறது என் பொண்ணு. கூட்டிப் பார்க்கறது பையன்.

எப்படிச் சொல்லணும்கறதுக்கும் எங்க அனுபவத்துல மூணு விஷயம் வெச்சிருக்கோம். ஒண்ணு, தொகையைச் சொல்லணும், பயத்தைச் சொல்லக் கூடாது. ‘இன்னும் 8,000 கடன் இருக்கு, வாரம் 500 கட்டினா 16 வாரம்’னா பிள்ளைக்குப் புரியும். ‘ஐயோ, நம்ம கதி என்னாகுமோ’ன்னா பிள்ளை தூங்காது. ரெண்டு, அப்பாவைப் பத்தி அம்மாவோ, அம்மாவைப் பத்தி அப்பாவோ பிள்ளைகிட்டக் குறை சொல்லக் கூடாது. அது கஷ்டத்தைச் சொல்றது இல்லை, கட்சி சேர்க்கறது. மூணு, கெட்டதை மட்டும் சொல்லிட்டு எழுந்திருக்கக் கூடாது. அந்த வாரம் நடந்த நல்லது ஒண்ணாவது ஒவ்வொருத்தரும் சொல்லணும். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் சொன்னார், ‘இந்த வாரம் உங்கம்மா வெச்ச ரசம் நல்லா இருந்துச்சு.’ கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நோட்டில்தாங்க அது முதல் தடவையா எழுத்தில் பதிவாச்சு! (பலத்த சிரிப்பு)

நடுவர்: அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கண்ணாடி போட்டு மாட்டுங்கம்மா! (சிரிப்பு)

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி நம்ம நாட்டுச் சரக்குக்கு அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டான். எங்க ரெண்டு பேர் கம்பெனியும் ஏற்றுமதிக் கம்பெனி. ஓவர்டைம் நின்னுச்சு. வாரத்துக்கு நாலு நாள்தான் வேலைன்னாங்க. 2022-ல் வந்த அதே கஷ்டம். ஆனா இந்தத் தடவை அவர் எந்த மண்டபத்துக்கும் போகலை. நேரா வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்கலை. நோட்டை எடுக்கச் சொன்னார்.

பையன் ப்ளஸ் டூ, அவன் படிப்புல கை வைக்கறதில்லைன்னு முதல் வரியா எழுதினோம். தீபாவளிச் செலவைப் பாதியாக் குறைச்சோம். அப்போ என் பொண்ணு சொன்னா, ‘எனக்குத் துணி வேண்டாம்மா.’ எனக்குத் திக்குன்னுச்சு. பழைய பேச்சு திரும்ப வருதே! நான் சொன்னேன், ‘சாமி, நீ எதையும் கேட்காம இருக்கறதுக்காக அம்மா இதையெல்லாம் சொல்லலை. நீ பயமில்லாமக் கேட்கணும்னுதான் சொல்றேன். வேணுங்கறதைக் கேளு. முடியுமா முடியாதான்னு நாலு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.’

கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா, ‘அப்படின்னா அம்மா, போன வாரத்திலிருந்து போர்டு லேசா மங்கலாத் தெரியுது. கண்ணாடி பவர் மாத்தணும்னு நினைக்கிறேன்.’

போன தடவை சொல்றதுக்கு ஏழு மாசம். இந்தத் தடவை ஒரே வாரம்! (நீண்ட கைதட்டல்)

அய்யா, எங்க வருமானம் கூடலை. கடன் இன்னும் இருக்கு. லைன் வீடு அதே லைன் வீடுதான். ஆனா என் பொண்ணு வாயைத் திறந்து ‘எனக்குத் தெரியலை அம்மா’ன்னு சொன்னா பாருங்க, அது ஒண்ணுக்காகவே சொல்றேன். வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். நாம சொன்னால்தான் அதுங்க சொல்லும்.