வீட்டு விலை இறங்கினால் யாருக்கு ஆதாயம்?



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றனர் நம் முன்னோர். இக்காலத்தில் பட்டணங்களில் பணிபுரியும் இளைஞர் பெரும்பாலும் வீட்டைக் கட்டுவதில்லை; பிறர் கட்டும் அடுக்குமாடியில் ஒரு பகுதியைக் கடன்பட்டு வாங்குகிறார். ஆதலின் விலை இறங்குகிறது என்னும் செய்தி அவர் செவிக்கு இனிக்கிறது. அவ்வினிமை எவ்வளவு தூரம் மெய்யானது என்பதைச் சற்று ஆராய்வோம்.

50 லட்சம் ரூபாய் பெறும் வீட்டை ஒருவர் கைப்பணம் 10 லட்சமும் வங்கிக் கடன் 40 லட்சமும் கொண்டு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 9 வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால், மாதந்தோறும் ஏறத்தாழ 36,000 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதத்தில் அதில் 30,000 ரூபாய் வட்டிக்கே சென்றுவிடும். வாங்கிய சில நாட்களில் விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால், அழிவது அவருடைய 10 லட்சமே. விலையோடு சேர்ந்து கடன் இறங்குவதில்லை. அவ்வீட்டிலேயே குடியிருந்து தவணை கட்டி வருவோருக்கு இது ஏட்டளவில்தான் நட்டம். வேலை போய்விட்டாலோ, வேற்றூருக்கு மாற்றல் வந்தாலோ, விற்கும் நாளில் மெய்யான நட்டமாகிவிடும். பிற மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நாம் இதனை மறத்தலாகாது.

இன்னும் வாங்காதவருக்கு விலையிறக்கம் நன்மையன்றோ எனில், நன்மையே. ஆனால் அதிலும் ஓர் இடர் உண்டு. தலைநகரை அடுத்த நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் 2013க்குப் பின் சில ஆண்டுகள் வீட்டு விலை ஏறாமல் தேங்கியது. பல இடங்களில் இறங்கியது. அதுவரை கட்டுநர் சிலர், ஒரு கட்டடத்துக்கென வாங்கிய பணத்தை வேறு நிலங்களில் முடக்கியிருந்தனர். புதிதாக வாங்குவோர் குறைந்ததும் பணவரவு நின்றது, கட்டுமானமும் நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும், கிடைக்காத வீட்டுக்குத் தவணையுமாக இருபுறமும் செலுத்தின. 2019இல் உச்ச நீதிமன்றம் அம்ரபாலி நிறுவனத்தின் பதிவை ரத்து செய்து, எஞ்சிய வேலையை அரசுத் துறை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. 2021க்குப் பிறகு அவ்வட்டாரத்தில் விலை மீண்டும் ஏறியது. எனவே, அடிவிலைக்காகக் காத்திருந்து வாங்குவோம் என்பதும் எளிதில் கைகூடுவதன்று.

இத்தகைய துயரங்களைத் தடுக்கவே 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கை அக்கட்டடத்துக்கெனத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். எழுத்து மூல ஒப்பந்தம் பதியுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் பெறலாகாது.

விலை மலிந்த காலத்தில் வாங்க எண்ணும் இளைஞர் மூன்றினை நினைவிற் கொள்க. கட்டி முடிந்த வீடாயின் அச்சம் குறைவு; முடியாததாயின் மாநில ஆணையத்தில் பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். பத்திரம் இந்தியிலோ மராத்தியிலோ இருந்தால், அம்மொழி அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு முழுவதும் படித்துப் பொருள் தெரிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். சில ஆண்டுகளில் ஊர் மாற நேரும் என்றால் வாடகை வீடே நலம். வாடகை கொடுப்பதில் இழிவு ஒன்றுமில்லை.

விலை இறங்கியிருப்பது மட்டும் வாங்குவதற்குக் காரணமாகாது. அவ்வூரில் நிலைத்து வாழும் எண்ணமும், தவணை கட்டிய பின்னும் குடும்பம் நடத்தப் போதுமான வருவாயும் உடையவருக்கே அவ்விறக்கம் ஆதாயமாகும்.