இளைக்கக் குறுக்கு வழி



பாயசக் கிண்ணம் கையிலிருக்கும் வேளையில் உடல் இளைப்பது பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். செயலாளரின் குறும்பு என்றே கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சி விளம்பரத்தில் மயங்கி, மின்சாரத்தால் சூடேறும் வியர்வைப் பட்டை ஒன்றை வரவழைத்தோம். மே மாதத்தில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, அதனை இடுப்பிற் கட்டிக்கொண்டு அமர்ந்தோம். முக்கால் கிலோ குறைந்தது! மகிழ்ச்சி மிகுதியால் இரண்டு செம்பு மோர் அருந்தினோம். போன முக்கால் கிலோ, கால் கிலோவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டது. வெளியேறியது வெறும் நீரே. ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டுமாம். உட்கார்ந்து வியர்ப்பதால் அது நடவாது.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். நல்லதே. ஆனால் கொள்ளு ரசத்தை நெய்ச் சோற்றில் பிசைந்து மூன்றாம் முறையும் கேட்டால் கொள்ளுதான் என்ன செய்யும்?

இவை சிரிப்போடு போகும். மாத்திரை அவ்வாறன்று. 1930களில் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்னும் பொருளை மெலிவதற்காக விழுங்கினர். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி மாண்டவர்களும், கண்புரையால் பார்வை குன்றியவர்களும் உண்டு. 1938இல் அங்கு அதனை விலக்கினர். எனினும் கள்ளத்தனமாக இன்றும் விற்கிறார்கள்.

நம் காலனிப் பெண் ஒருத்தி, திருமணத்திற்கு இருபது நாள் இருக்கையில், பெயர்ச்சீட்டில்லாத மாத்திரை டப்பி ஒன்றை வாங்கி ஒளித்து வைத்திருந்தாள். நல்லவேளை, தாயார் கண்ணில் பட்டது. நேரே மருத்துவரிடம் கொண்டுபோனார். அவர் அதனைத் திருப்பித் தரவேயில்லை. தையற்காரர் ரவிக்கையை இரண்டு விரற்கடை தளர்த்தித் தந்தார். திருமணம் இனிதே நடந்தது.

நமது பட்டை பரண்மேல் இருக்கிறது. யாரும் இரவல் கேட்க வேண்டா. பாயசம் ஆறுகிறது, வணக்கம்.