ஊரே நடிக்கும் 'நம் ஊர்'



பகலில் அவர் ஒரு பல் மருத்துவர். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் வங்கி ஊழியர். இன்னொருவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர்களோடு ஒரு பள்ளி மாணவன். மாலை ஏழு மணிக்கு இவர்கள் எல்லாரும் ஒரு பழைய மண்டபத்தில் கூடுகிறார்கள். கையில் வசனப் பிரதி. பல வாரங்கள் ஒத்திகை. பிறகு இரண்டு மூன்று வார இறுதிகளில் மேடையேற்றம். நடிப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை. டிக்கெட் விற்பதும் அவர்களே. நாடகம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து வைப்பதும் அவர்களே. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இயங்கும் சமூக நாடக மன்றங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன.

அந்த மன்றங்கள் மீண்டும் மீண்டும் விரும்பி மேடையேற்றும் ஒரு நாடகம் உண்டு. தார்ன்டன் வைல்டர் எழுதிய 'அவர் டவுன்'. 'நம் ஊர்' என்று பொருள். தொழில்முறைக் கலைஞர்களுக்கும் சவாலாக விளங்கும் இந்த நாடகத்தைச் சாதாரண மக்கள் ஏன் தேடி எடுக்கிறார்கள்? அதில் அவர்கள் வெல்வது எங்கே, சறுக்குவது எங்கே? இன்றைய உரை அதைப் பற்றியதே.

மீன் கிடங்கில் பிறந்த மேடை

சமூக நாடக மன்றங்களின் வரலாறு நீண்டது. பாஸ்டன் நகரின் ஜமைக்கா பிளேன் பகுதியில் 1877-ஆம் ஆண்டு தொடங்கிய 'ஃபுட்லைட் கிளப்' இன்றும் இயங்கி வருகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சிறு அரங்க இயக்கம்' அமெரிக்கா முழுவதும் பரவியது. ஊர் ஊராக வந்த வணிக நாடகக் குழுக்கள் குறைந்தன. கொட்டகைகளைத் திரைப்படம் பிடித்துக்கொண்டது. நாடகம் வேண்டுமென்றால் நாமே போட வேண்டும் என்று ஊர் மக்கள் முடிவெடுத்தனர். 1916-இல் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில், படகுத்துறையில் இருந்த ஒரு பழைய மீன் கிடங்கில் ஆர்வலர்கள் ஒரு புதிய எழுத்தாளரின் நாடகத்தை அரங்கேற்றினர். அந்த எழுத்தாளர்தான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யூஜின் ஓ'நீல்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் 1924-இல் ஒரு சமூக நாடக மன்றம் உருவானது. அதன் தொடக்ககால நடிகைகளில் ஒருவர் டோரதி பிராண்டோ. ஆம், நடிகர் மார்லன் பிராண்டோவின் தாயார்தான்! கல்லூரிப் படிப்பை முடிக்காமல் ஊர் திரும்பியிருந்த 20 வயது இளைஞர் ஒருவரை, 'வந்து நடித்துப் பார்' என்று அவர் அந்த மன்றத்திற்கு அழைத்தார். கூச்ச சுபாவம் கொண்ட அந்த இளைஞர்தான் ஹென்றி ஃபோண்டா. அதே மன்றத்தில் சிறுமியாக நடித்த டோரதி மெக்குவயர், 1938-இல் நியூயார்க் சென்று 'நம் ஊர்' நாடகத்தின் நாயகி எமிலி வேடத்தை ஏற்றார். ஹென்றி ஃபோண்டாவும் 1969-இல் நியூயார்க்கில் அதே நாடகத்தின் முக்கிய வேடத்தில் தோன்றினார்.

இரண்டு மேசை, இரண்டு ஏணி

'நம் ஊர்' 1938 ஜனவரி 22-ஆம் நாள் பிரின்ஸ்டன் நகரில் முதன்முதலாக மேடையேறியது. அடுத்துச் சென்ற பாஸ்டனில் வரவேற்பு கிடைக்கவில்லை. ஆனால் பிப்ரவரி 4-ஆம் நாள் நியூயார்க் வந்த பிறகு நிலைமை மாறியது. அங்கு 336 காட்சிகள் நடந்தன. அவ்வாண்டே புலிட்சர் பரிசும் கிடைத்தது.

கதை மிக எளிமையானது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் குரோவர்ஸ் கார்னர்ஸ் என்ற கற்பனைச் சிற்றூர். முதல் அங்கம் 1901-ஆம் ஆண்டின் ஒரு சாதாரண நாள்: பால்காரர் வருகிறார், பத்திரிகை போடும் பையன் வருகிறான், தாய்மார்கள் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இரண்டாம் அங்கத்தில் பத்திரிகை ஆசிரியரின் மகள் எமிலியும் மருத்துவரின் மகன் ஜார்ஜும் மணம் புரிகிறார்கள். மூன்றாம் அங்கம் 1913. இடம், இடுகாடு. பிரசவத்தில் இறந்துபோன எமிலி, ஏற்கெனவே இறந்தவர்களோடு வந்து அமர்கிறாள்.

இந்த நாடகத்தில் திரைச்சீலை இல்லை. வீடு இல்லை, அடுப்பு இல்லை. இரண்டு மேசைகள், சில நாற்காலிகள், மாடி அறைகளாகப் பயன்படும் இரண்டு ஏணிகள் ஆகியவைதாம் முக்கியமான பொருள்கள். 'மேடை மேலாளர்' என்ற பாத்திரம் தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல் பார்வையாளர்களிடம் நேரடியாகப் பேசுகிறது, கதையை நகர்த்துகிறது, யார் எப்போது இறப்பார் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பத்திரிகை போடும் அந்தச் சிறுவன் நன்றாகப் படித்துப் பட்டம் பெறுவான், பிறகு பிரான்சில் நடக்கும் போரில் மடிவான் என்பது முதல் அங்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இந்த எளிமைக்கு ஆசியத் தொடர்பும் உண்டு. வைல்டரின் தந்தை ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் அமெரிக்கத் தூதரகத் தலைமை அதிகாரியாகப் பணியாற்றியவர். வைல்டர் சிறுவயதில் சில காலம் சீனாவில் படித்தவர். ஒரு குச்சியைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டாலே குதிரைச் சவாரி என்று சீன நாடக மேடையில் பார்வையாளர் ஏற்றுக்கொள்வதை அவர் பின்னாளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

மலிவான நாடகமா?

அரங்கப் பொருள்களுக்குச் செலவில்லை என்பதால்தான் மன்றங்கள் இதை எடுக்கின்றன என்று சிலர் நினைப்பதுண்டு. அது பாதி உண்மைதான். பதிப்புரிமை இன்னும் காலாவதியாகவில்லை. அமெரிக்காவில் அது 2033-ஆம் ஆண்டு இறுதி வரை நீடிக்கிறது. ஆகவே அனுமதி பெற்று, உரிமைக் கட்டணம் செலுத்தியே மேடையேற்ற வேண்டும். மண்டப வாடகை, ஒளி, உடை என்று வேறு செலவுகளும் உண்டு.

உண்மையான காரணம், இதில் ஊரில் உள்ள எல்லா வயதினருக்கும் வேடம் உண்டு என்பதே. இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். பள்ளிச் சிறுமிக்கும் இடம் உண்டு, எழுபது வயது முதியவருக்கும் இடம் உண்டு. நடிக்கத் தயங்குபவர்கள் தேவாலயப் பாடகர் குழுவில் நின்று பாடலாம். இடுகாட்டுக் காட்சியில் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்கலாம்.

ஆனால் எளிமை வேறு, சுலபம் வேறு. இல்லாத அடுப்பில் இல்லாத பாத்திரத்தை வைத்துச் சமைக்க வேண்டும். சற்று முன் கையால் திறந்த கதவை மறந்துவிட்டு, அடுத்த நிமிடம் அதன் ஊடே நடந்து போனால் கடைசி வரிசையில் இருப்பவரும் கண்டுபிடித்துவிடுவார். பால்காரர் இழுத்து வரும் குதிரையையும் பார்வையாளர் நம்ப வேண்டும். ஒத்திகையில் இதற்கே பல மாலைகள் கழிந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் இனிப்பு தடவும் ஆசை! 'அந்தக் காலத்தில் எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது' என்ற ஏக்கமாக இந்த நாடகத்தை மாற்றிவிடுவது. பல மேடையேற்றங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். 1940-இல் வந்த திரைப்படத்திலும் அந்த இனிப்பு புகுந்தது. அதில் எமிலி பிழைத்துக்கொள்கிறாள்! மேடை நாடகமோ அப்படி இரக்கம் காட்டவில்லை. பாடகர் குழுவின் தலைவர் சைமன் ஸ்டிம்சன் குடிக்கு அடிமையானவர். அது ஊருக்கே தெரியும். புறம் பேசுகிறார்கள், பரிதாபப்படுகிறார்கள், ஆனால் அவரைக் காப்பாற்ற வழி தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். இப்படி ஒரு மனிதர் இல்லாத ஊர் எது?

பக்கத்து வீட்டுக்காரர் இறக்கும்போது

மூன்றாம் அங்கத்தில் எமிலிக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. வாழ்ந்த நாள்களில் ஒன்றுக்கு அவள் திரும்பிப் போகலாம். தன்னுடைய பன்னிரண்டாவது பிறந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறாள். அம்மா சமையலறையில் வேலையாக இருக்கிறாள். மகளிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஆனால் அவள் முகத்தை நின்று பார்க்க நேரமில்லை. அந்த அவசரத்தைத் தாங்க முடியாமல் எமிலி மீண்டும் இடுகாட்டுக்கே போய்விடுகிறாள்.

இந்தக் காட்சியில்தான் சமூக நாடக மன்றம், பெரிய நட்சத்திரங்களிடமும் இல்லாத ஒன்றைத் தருகிறது. தலைநகரத்து மேடையில் இறந்தவராக அமர்ந்திருப்பவர் ஒரு நடிகர் மட்டுமே. ஊர் மண்டபத்தில் அமர்ந்திருப்பவரோ உங்கள் பல் மருத்துவர், உங்கள் பிள்ளையின் ஆசிரியை. நாளைக் காலை கடைத்தெருவில் நீங்கள் பார்க்கப் போகிறவர். அவர் ஒரு நாள் இருக்க மாட்டார் என்பதை இருட்டில் அமர்ந்து ஊரே ஒன்றாகப் பார்க்கிறது. குரல் பிசிறினாலும், வசனம் தடுக்கினாலும், அந்த உண்மையை எந்தத் தொழில்முறைக் குழுவும் விலை கொடுத்து வாங்க முடியாது. வைல்டரே தொழில்முறை நடிகர் அல்லர். ஆனாலும் மேடை மேலாளர் வேடத்தைத் தாமே ஏற்று நடித்திருக்கிறார்.

'அது வெள்ளையர்களின் பழைய ஊர், மற்றவர்களுக்கு அதில் என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில் டொமிங்குவஸ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. கூடைப்பந்துக்குப் பெயர் பெற்ற அந்தப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாடகமே போடப்படவில்லை. மேடையும் இல்லை, பணமும் இல்லை. கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் சிற்றுண்டிச் சாலையில் 'நம் ஊர்' நாடகத்தைப் போட்டார்கள். முதலில் அவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வன்முறைச் செய்திகளால் மட்டுமே வெளியுலகம் அறிந்த தங்கள் ஊரையே பிறகு அந்த நாடகத்திற்குள் கண்டார்கள். 2002-இல் வெளிவந்த ஸ்காட் ஹாமில்டன் கென்னடியின் ஆவணப்படம் இதைப் பதிவு செய்துள்ளது.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது அமெரிக்காவெங்கும் நாடக மண்டபங்கள் மூடப்பட்டன. ஓர் ஊர் ஒரே கூரையின் கீழ் அமர்வது எவ்வளவு பெரிய பேறு என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியது. எமிலி இடுகாட்டிலிருந்து கற்றுக்கொண்ட பாடமும் அதுவே அல்லவா?

நேயர்களே, உங்கள் ஊர் மண்டபத்தில் அறிமுகமான முகங்கள் நாடகம் போடுகிறார்கள் என்று யாராவது டிக்கெட்டை நீட்டினால், 'இவர்களுக்கு என்ன நடிக்கத் தெரியும்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். போய் அமருங்கள். வீடு திரும்பியதும், சமையலறையில் வேலையாக இருப்பவரின் முகத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.