வாரண்டி கார்டின் பின்பக்கம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "உன் துறையைப் பத்திப் பதினைஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார். என் துறை மோட்டார். அதைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டுக்கு முன்பே பாதி ஹால் தூங்கிவிடும். அதனால் ஒரு காபி மேக்கரையும் ஒரு கிரைண்டரையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். முதலாவதில் நான் தோற்றேன். தப்பு என்னுடையது.

எங்கள் அம்மாவுக்குப் பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கும்வரை காத்திருக்க முடியவில்லை, முழங்கால் வலி. அதனால் மின்சாரக் காபி மேக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வருஷ வாரண்டி. எட்டாவது மாதம் ஒரு நாள் காலையில் விளக்கு எரியவில்லை, சூடு ஏறவில்லை. அந்த மெஷினுக்குள் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. தட்டுக்கு அடியில் ஹீட்டர், அதை ஒட்டி ஒரு குழாய். தண்ணீர் கொதித்து, நீராவிக் குமிழி தள்ள, மேலே ஏறிப் பொடி மேல் விழுகிறது. தண்ணீர் தீர்ந்து சூடு கூடினால் தெர்மோஸ்டாட் துண்டிக்கும். அதுவும் வேலை செய்யாவிட்டால் தெர்மல் ஃப்யூஸ் போகும். ஒருமுறை போனால் போனதுதான்.

இவ்வளவு தெரிந்தவன் சும்மா இருப்பானா? ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அடிப்பக்கம் ஒரு ஸ்க்ரூவின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதையும் குத்திக் கழற்றினேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் நான் நினைத்தபடியே ஃப்யூஸ்தான் போயிருந்தது. பெருமையாக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், என்ன கோளாறு என்று நானே சொன்னேன். அந்தப் பையன் மெஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், சீல் உடைஞ்சிருக்கு, வாரண்டி கிடையாது" என்றான். போதாததற்கு, "உப்புத் தண்ணி ஊத்தியிருப்பீங்க" என்றும் சேர்த்துக்கொண்டான். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புதான். ஆனால் அம்மா காபிக்குக் காவிரித் தண்ணீர் தவிர வேறு எதையும் தொட மாட்டார். அதை நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது? திறக்காமல் கொண்டுபோயிருந்தால் குழாயில் உப்புப் படிந்திருக்கிறதா இல்லையா என்று அவர்கள் கண் முன்னாலேயே காட்டியிருக்கலாம். சாட்சியை நானே கலைத்துவிட்டேன். காசு கொடுத்துத்தான் சரி செய்தேன். வீட்டுக்கு வந்து வாரண்டி கார்டின் பின்பக்கத்தை முதல்முறையாகப் படித்தேன். எறும்பு எழுத்தில் எல்லாமே இருந்தது.

இரண்டாவது கதைதான் நான் சொல்ல வந்தது. அரியமங்கலத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, வீட்டுக்காரர் தவறிய பிறகு இட்லி மாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்துகிறார். டேபிள் டாப் கிரைண்டர் வாங்கிய ஐந்தாம் மாதம், மோட்டாரில் புகை. சர்வீஸ் சென்டரில் கார்டைக் காட்டி, "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு போட்டிருக்கு, நீங்க வியாபாரம் பண்றீங்க, வாரண்டியும் இல்ல, கேஸ் போட்டாலும் நிக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா என்னிடம் வந்து, "நான் மாவு விக்கிறது தப்பாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்.

ஒன்று, அக்கா சட்டப்படி நுகர்வோரா? இதற்கு விடை 1995-லேயே கிடைத்துவிட்டது, அதுவும் நம் பக்கத்துக் கோயம்புத்தூர் சம்பந்தப்பட்ட வழக்கில். மகாராஷ்டிராவைச் சேர்ந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் ஒரு சி.என்.சி. மெஷின் வாங்கி, குறை இருக்கிறது என்று வழக்குப் போட்டது. மாநில ஆணையம் வாங்கியவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும், இது வணிக நோக்கத்துக்காக வாங்கியது, நீங்கள் நுகர்வோர் அல்ல என்று கூறிவிட்டது. அதாவது வழக்குப் போட்டவர் தோற்றார். ஆனால் அதே தீர்ப்பில்தான் நம்மைப் போன்றவர்களுக்கான வழியும் இருக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். லேத் வாங்கித் தானே ஓட்டி வயிறு வளர்ப்பவரும் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. இதை நீதிமன்றம் விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது என்ற விளக்கம் 1993 திருத்தத்தில் 1986-ஆம் வருஷச் சட்டத்தில் சேர்ந்தது. 2019-ஆம் வருஷப் புதிய சட்டத்திலும் இருக்கிறது. இங்கே தொழிற்பேட்டையில் ஒற்றை லேத்தோடு ஷெட் போட்டிருக்கும் நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வாரண்டி. நுகர்வோர் என்பதாலேயே கார்டில் உள்ள நிபந்தனை காணாமல் போய்விடாது. "வீட்டு உபயோகம் மட்டும்" என்ற வரி நமக்கு எதிராக நிற்கத்தான் செய்யும். அதனால் தயாரிப்பிலேயே குறை இருந்தது என்று காட்ட வேண்டும். காட்டும் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான்.

இந்த முறை நான் ஒரு ஸ்க்ரூவையும் தொடவில்லை. சர்வீஸ் சென்டர் மெக்கானிக்கையே திறக்கச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்தேன். மோட்டார் படித்தது அங்கேதான் உதவியது. அளவுக்கு மீறி ஓட்டியதால் எரிந்த மோட்டாரில் வைண்டிங் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருக்கும். இதிலோ ஒரே ஒரு காயில் மட்டும் கருகியிருந்தது, மற்றவை புதுசு போலப் பளபளத்தன. அந்த இடத்தில் இன்சுலேஷன் ஆரம்பத்திலேயே சரியில்லை என்பது என் கருத்து. பழகிய வைண்டிங் மேஸ்திரி ஒருவரும் பார்த்துவிட்டு அதையேதான் எழுதிக் கொடுத்தார்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். கம்பெனியிடமிருந்து அதே பழைய பதில். பிறகு அக்காவே திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தார். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நேரில் போக முடியாதவர்களுக்கு ஆன்லைன் வழியும் உண்டு. 2020-இல் இ-தாகில் என்று ஆரம்பித்தது, 2025-இலிருந்து இ-ஜாக்ரிதி என்ற தளம் வந்திருக்கிறது.

எதிர்த் தரப்பு பதில் போட முப்பது நாள், மேலே பதினைந்து நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பொருளை லேபுக்கு அனுப்பிப் பரிசோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அந்தச் செலவை முதலில் நம்மையே கட்டச் சொல்லலாம். நாங்கள் அதற்கும் தயாராக இருந்தோம், தேவைப்படவில்லை. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்துவிட்டார். புது கிரைண்டரும் ஐயாயிரம் ரூபாயும் தருவதாகச் சமரசம் பேசி, அதை ஆணையத்தின் முன் எழுத்தில் பதிந்து முடித்தோம்.

வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். கிரைண்டர் இல்லாத ஏழு வாரம் அக்கா பழைய ஆட்டுக்கல்லில் கையால் ஆட்டினார். அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்ட வாடிக்கைகளில் பாதிப்பேர் இன்னும் திரும்பவில்லை. அந்த நஷ்டத்துக்கு நாங்கள் கேட்டது வேறு, கிடைத்தது வேறு. வழக்கை நடத்தியிருந்தால் கூடக் கிடைத்திருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. "போதும்ப்பா, எனக்கு நாளைக்கு மாவு அரைக்கணும்" என்றார் அக்கா. முடிவு எடுக்க வேண்டியவர் அவர்.

தம்பிகளுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அக்காவின் பில்லைத் தேடி எடுத்தபோது அதில் எழுத்தே இல்லை. இப்போது கடைகளில் தரும் தெர்மல் பேப்பர் பில், சமையலறைச் சூட்டில் சில மாதத்தில் வெளுத்துவிடும். நல்லவேளையாகக் கடையின் கம்ப்யூட்டரில் இருந்தது, நகல் வாங்கினோம். வாங்கிய அன்றே பில்லைப் போட்டோ எடுத்துவிடுங்கள், கார்டில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக முறை என்று சட்டத்தில் இருக்கிறது. "பில் வேணும்னா வரி சேரும்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆணையத்தில் கொடுத்த மனுவின் நகலும் மோட்டார் போட்டோக்களும் என் பையில் இருக்கின்றன. வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் ஷாப் வராந்தாவுக்கு வாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கொண்டுவர வேண்டாம்.